உனக்குப் போட்ட கிரீன் டீயை நான்தான் குடித்தேன்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நீயும் வள்ளியும் வருகிறீர்கள், சாயங்காலமே கிளம்பிவிடுவீர்கள், அடுத்த வாரம் ஜெர்மனிக்குப் பயணம் என்று மருமகள் போனில் சொன்னாள். வாங்கப்பா, சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் நேரில் வந்தால் நான் இதைச் சொல்ல மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும். அங்கே குளிர் எப்படி, பெட்டியை எடை போட்டாயா, வீட்டுக்காரன் நல்லவனா என்று கேட்டுக் கேட்டே ஒரு பகலை ஓட்டிவிடுவேன். அதனால்தான் இப்போதே எழுதி நாளைக்குக் கூரியரில் போடுகிறேன். படித்துவிட்டு நீ வராமலே போகலாம். அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன். இருந்தாலும் நீ கடல் தாண்டிப் போவதற்குள் உன் அம்மாவைப் பற்றி ஒரு விஷயம் உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மூன்று நாளாக மத்தியானத்தில் அடுப்படிக்குள் நுழைந்து உன் கிரீன் டீயைப் போட்டுப் பார்க்கிறேன். முதல் நாள் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இலையை ஒரு கை அள்ளிப் போட்டு, மூடி வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து வாயில் வைத்தால் அப்படி ஒரு கசப்பு. இரண்டாம் நாள் அவசரப்பட்டு, ஆறுவதற்குள் தேங்காய்ப்பாலை ஊற்றிவிட்டேன். திரிதிரியாகப் பிரிந்து மேலே மிதந்தது. முப்பது வருஷம் பால் சொசைட்டியில் குப்பை கொட்டியவன், ஒரு தம்ளர் தேங்காய்ப்பாலிடம் தோற்றுப்போய் அப்படியே நின்றேன். இத்தனைக்கும் செய்முறை கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறது. வள்ளி போனில் சொல்லச் சொல்ல உன் அம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்த தாள். "தண்ணி கொதிக்கக் கூடாது. அடியில குமிழ் வந்ததும் எறக்கணும். ரெண்டு நிமிசம் போதும். நல்லா ஆறணும். தேன் கூடாது." அந்தக் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்தேன். ஓரளவு வந்திருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? பாலில் இருந்துதான் தொடங்க வேண்டும். நாம் கண்டரமாணிக்கம் பக்கம் இருந்தபோது நம் வீட்டில் இரண்டு மாடு. நான் ஊர் பால் சொசைட்டியில் பால் அளந்தேன். விடிந்தும் விடியாமலும் தூக்குவாளியோடு வந்து நிற்பவர்களின் பாலில் லாக்டோமீட்டரைப் போட்டு, தண்ணீர் கலந்திருந்தால் முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். கருவி இல்லாமலே மூக்கை வைத்துப் பார்த்து, இது எந்த வீட்டுப் பால் என்று சொல்வேன். "அவரை ஏமாத்த முடியாதப்பா" என்று ஊர் சொல்லும். எனக்கு அதில் ஒரே பெருமை. நீ சாப்பிட்டது, உடுத்தது, படித்தது எல்லாம் அந்தப் பாலில் இருந்து வந்தது என்பது என் கணக்கு. பாலைக் குறை சொன்னால் என்னைக் குறை சொன்ன மாதிரி.

நம் சிவப்பி மாட்டை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மறந்திருக்க மாட்டாய். உனக்கு ஒன்பது வயது அப்போது. அதற்குப் பிறந்த கன்று பன்னிரண்டாம் நாள் கழிச்சல் கண்டு செத்துப்போனது. கன்று இல்லாமல் அது பால் விடவில்லை. நான் கன்றின் தோலை உரிக்கச் சொல்லி, வைக்கோலைத் திணித்து, நாலு குச்சியைக் காலாக வைத்து அதற்கு முன்னால் நிறுத்தினேன். அந்த நாளில் எல்லார் வீட்டிலும் செய்ததுதான். சிவப்பி அந்த வைக்கோல் கன்றை நக்கிக்கொண்டே பால் கொடுத்தது. நீ தொழுவ வாசலில் நின்றுகொண்டு, "அது செத்துப்போச்சுன்னு அதுக்குத் தெரியாதாப்பா?" என்று கேட்டாய். "தெரிஞ்சா பால் தருமாடா?" என்று சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்றைக்கு உனக்குப் பால்சோறு இறங்கவில்லை. நான் அதட்டினேன். நீ அழுதுகொண்டே சாப்பிட்டாய். பிற்காலத்தில் நீ சென்னையில் வேலைக்குப் போய், பால், தயிர், நெய் எதுவும் தொடமாட்டேன், வீகன் என்று வந்து நின்றபோது, எவனோ ஆபீஸில் கெடுத்துவிட்டான் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தத் தொழுவத்தை நான் யோசிக்கவே இல்லை. "பால் காசுலதான்டா படிச்சே. இப்ப அது ஒனக்கு நாறுதோ?" என்று பந்தியில் பத்துப் பேருக்கு நடுவே கேட்டேன். நீ இலையை மூடிவிட்டு எழுந்தாய். அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்க வழி இருந்தால் எடுத்துவிடுவேன்.

உன் அம்மா அப்படி இல்லை. அவளுக்கு இதெல்லாம் புரிந்ததா என்று கேட்டால் புரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். "மாட்டுக்குப் பாவமாம், விட்டுருங்களேன்" என்பாள். அவ்வளவுதான் அவள் தத்துவம். ஆனால் நீ வருகிற நாளில் தாளிக்கிற கரண்டியைக்கூட இரண்டு தடவை கழுவுவாள், நெய் ஒட்டியிருக்கப் போகிறது என்று.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நீ அவளிடம் போனில் பேசினாய். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "அம்மா, மத்ததெல்லாம் உங்க இஷ்டம்போல நடக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் குடுக்குற பால்பழம் மட்டும் தேங்காய்ப்பால்ல குடும்மா. ஒன்னையத்தான் நம்பியிருக்கேன்" என்றாய். "சத்தியமா தம்பி" என்றாள். சொன்னபடி செய்யவும் செய்தாள். கல்யாணத்தன்று அத்தனை அமளியிலும், பட்டுச்சேலை நனைந்துவிடாமல் முந்தானையைச் செருகிக்கொண்டு, தானே தேங்காய் துருவி, தானே பிழிந்து, சர்க்கரை கலந்து, வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி, சாமி படத்துக்கு முன்னால் மூடி வைத்தாள். உன் அத்தை, என் தங்கை, என்னை ஓரமாக இழுத்தாள். "என்னண்ணே கூத்து இது? பசும்பால் இல்லாம பால்பழமா? பொண்ணு வீட்டு ஆளுக என்ன சொல்லுவாக? நாளைக்குப் பிள்ளைகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" அவள் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. அதைவிட எனக்குள் ஒரு வீம்பும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒரு கரண்டிதானே, தேங்காய்ப்பால் என்று நினைத்து விழுங்கிவிடுவான், நம் வீட்டுச் சம்பிரதாயமும் கெடாமல் நடந்துவிடும் என்று நினைத்தேன். உன் அம்மா ஆரத்தி எடுக்க வாசலுக்குப் போன நேரம். நான்தான் தம்பி அந்தக் கிண்ணத்தில் இருந்த தேங்காய்ப்பாலைக் கழுவுதொட்டியில் கொட்டினேன். நான்தான் காய்ச்சிய பசும்பாலை ஊற்றிச் சர்க்கரை போட்டுக் கலக்கி, பழையபடி மூடி வைத்தேன்.

உங்கள் இருவரையும் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அவள் சிரித்த முகமாக முதல் கரண்டியை உனக்குத்தான் கொடுத்தாள். வாயில் பட்டதுமே உனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருஷம் பால் தொடாத நாக்குக்குத் தெரியாமல் போகுமா? ஊர்ப் பாலை எல்லாம் மோந்தே கண்டுபிடித்த எனக்கு இது தோன்றவில்லை பார். நீ துப்பவில்லை. கூடம் நிறைய ஆட்கள். விழுங்கினாய். விழுங்கிவிட்டு உன் அம்மாவைப் பார்த்தாய். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு தலையைத் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் பந்தியைப் பார்க்கப் போகிறவன்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

சாயங்காலம் அடுப்படியில் வைத்துக் கேட்டாள். "நீங்கதானே?" "சுபகாரியம்டி. ஊரு என்ன சொல்லும்?" என்றேன். "ஊரு கெடக்கட்டுங்க. அவென் என்னையத்தானே நம்புனான்" என்றாள். மறுநாள் நீ கிணற்றடியில் அவளிடம், "ஏம்மா?" என்று ஒரே வார்த்தை கேட்டாய். நான் பின்கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன். அப்போதாவது ஓர் அடி எடுத்து வைத்து வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. "அம்மாவுக்கு மனசு கேக்கலய்யா. மன்னிச்சிரு" என்றாள். நீ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாய். உள்ளே வந்தவளிடம், "எதுக்கு என் தலையில இருக்கிறதத் தூக்கி ஒன் தலையில வச்சுக்கிட்டே?" என்று கேட்டேன். "ஏற்கெனவே ஒங்களுக்கும் அவனுக்கும் பேச்சு அரைகுறை. இதையும் சொன்னா அடியோட நின்னுபோகும். எங்கிட்ட கோவிச்சுக்கிட்டா நாலு நாளைக்கு இருக்கும். நான் சரி பண்ணிக்கிருவேன். என் பிள்ளைதானே" என்றாள்.

நாலு நாள் என்று அவள் போட்ட கணக்கு தப்பாகப் போய்விட்டது. நீ சண்டை போடவில்லை. சத்தம் போடவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தாய், சிரித்தாய், மருந்து வாங்கிக் கொடுத்தாய், அவள் காலுக்குத் தைலம்கூடத் தேய்த்துவிட்டாய். ஆனால் இந்த வீட்டில் எதையும் வாயில் வைக்கவில்லை. வரும்போதே எதையாவது சாப்பிட்டுவிட்டு வருவாய். வாழைப்பழம் என்றால் நீயே உரித்துத் தின்பாய். அவள் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும், "தண்ணி போதும்மா." மரியாதையாகத்தான் சொல்வாய். அந்த மரியாதைதான் அவளை அறுத்தது. நீ ஒரு நாள் தட்டைத் தூக்கி எறிந்து கத்தியிருந்தால், நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. இல்லை, உன் மேல் பழி போட வேண்டாம். அப்போதும் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்போதுதான் இந்தக் கிரீன் டீ வந்தது. மத்தியானத்தில் நீ குளிரக் குளிரக் கிரீன் டீயில் தேங்காய்ப்பால் ஊற்றிக் குடிக்கிறாய் என்று வள்ளி சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான், உன் அம்மா பிடித்துக்கொண்டாள். முதல் முறை தேனை ஊற்றிவிட்டு வள்ளியிடம் பெருமையாகச் சொல்ல, "அத்தை, அதுவும் அவங்க சாப்பிட மாட்டாங்க" என்றாளாம். "மாடு போதாதுன்னு இப்பத் தேனீயும் அவனுக்குச் சொந்தமாக்கும்?" என்று நான் கேலி பண்ணினேன். அவள் சந்தைக்குப் போய்ப் பனங்கற்கண்டு வாங்கி வந்தாள். இலைத் தண்ணீரை வடிகட்டி, சூடு இருக்கும்போதே கற்கண்டைக் கரைத்து, ஆறவைத்து, அதில் பாதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைப்பாள். தண்ணீர் ஐஸ் போட்டால் கரைந்து ருசி செத்துவிடுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். தேங்காயின் முதல் பாலை மட்டும் எடுத்து என் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவாள். புதினா இரண்டு இலையைக் கசக்கிப் போடுவாள். எவர்சில்வர் தம்ளர் கூடாது என்று இரண்டு கண்ணாடி கிளாஸ் வாங்கினாள். "உள்ள என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியணும்ல." எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு முகத்தையே பார்ப்பாள். "நல்லா இருக்கா? அவென் குடிப்பானா?" "குடிப்பான்" என்பேன்.

நீ வந்தாய். "தண்ணி போதும்மா" என்றாய். அவள் அந்தக் கிளாஸை எடுத்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் போய், பிறகு என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக் குடித்தேன். அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கு அடுத்த முறையும் அப்படித்தான். உனக்காகப் போட்ட ஒவ்வொரு கிளாஸையும் நான்தான் குடித்தேன் தம்பி. குற்றம் செய்தவனுக்கு உபசாரம், செய்யாதவளுக்குத் தண்டனை. அது என் தொண்டையில் எப்படித்தான் இறங்கியதோ!

ஒரு நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன். பொங்கல் கழிந்து நீ வந்திருந்தாய். அவள் துருவுமணையைக் கூடத்துக்கே எடுத்து வந்து, நீ உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். முழுத் தேங்காயை உன் கண்ணுக்கு முன்னால் உடைத்தாள். ஊர்க்கதை பேசிக்கொண்டே துருவினாள். உன் கண்ணுக்கு முன்னாலேயே எல்லாம் நடந்தால் நீ நம்புவாய் என்று அவளுக்கு ஓர் எண்ணம். பாதித் தேங்காய் துருவியிருப்பாள், உனக்குப் போன் வந்தது. எழுந்து வாசலுக்குப் போனாய். அவள் துருவுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். நீ வரும்வரை துருவக் கூடாது என்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ திரும்பி வந்து, "ரயிலுக்கு நேரமாச்சும்மா" என்று பையை எடுத்துக்கொண்டாய். அவள் ஏன் துருவுமணையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீ தெருமுனை திரும்புவதற்குள் ஓடிவந்து சொல்லியிருக்கலாம். செருப்பைக்கூட மாட்டினேன். மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

சித்திரை வெயிலில் அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் காலை, நீ காரில் வந்துகொண்டிருக்கிறாய் என்று சொன்னேன். என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "அவென் வந்தா சொல்லிருங்க. அந்தப் பால நான் மாத்தலைன்னு மட்டும் சொல்லிருங்க. நீங்கன்னு சொல்ல வேணாம்" என்றாள். அத்தனை நாளில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நீ மேலூர் தாண்டிவிட்டேன் என்று போன் செய்து வைத்தபோது அவள் போய்விட்டாள். நீ வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா ஏதாச்சும் சொன்னாங்களாப்பா?" என்று கேட்டாய். "ஒன்னைய வரச் சொன்னா" என்றேன். சாகக் கிடந்தவளுக்குக் கொடுத்த வாக்கைக்கூட அரை மணி நேரம் காப்பாற்ற முடியாதவன் உன் அப்பன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ எப்போது வந்தாலும் கையோடு இருக்கட்டும் என்று அவள் தேங்காய்ப்பாலையும் பிழிந்து ஐஸ் தட்டில் உறையவைத்து, டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அவள் போன மூன்றாம் நாள் உன் அத்தை உருளைக்கிழங்குக் குழம்புக்குத் தேங்காய்ப்பால் தேடியவள், அந்த டப்பாவை எடுத்து அப்படியே சட்டியில் கவிழ்த்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு கட்டியாகக் கரைந்தது. "நெய், தயிர் எதுவும் இல்லையே அத்தை?" என்று நீ கேட்டாய். "இல்லய்யா, வெறும் தேங்காய்ப்பால்தான்" என்றாள் அவள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவன், அன்றைக்கு இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அது உன் அம்மா பிழிந்த பால் தம்பி. கடைசியில் அவள் கையால் செய்ததைச் சாப்பிட்டுவிட்டாய். அவளுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும் என்று எழுந்து கொல்லைப் பக்கம் போய் அழுதேன். அம்மாவை நினைத்து அழுகிறேன் என்று நீ வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாய்.

மகன் வெளிநாடு போகும்போது அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நீ செய்கிற தப்பை வள்ளி சுமக்க முன்வருவாள். பிரியம் உள்ளவர்கள் அப்படித்தான் வருவார்கள். விடாதே. அப்புறம், யார் மேலாவது உனக்கு வருத்தம் இருந்தால் கத்திவிடு. வாய்விட்டுத் திட்டு. தண்ணீர் போதும் என்று சொல்லி ஒருத்தரை வாசலிலேயே நிறுத்தி வைக்காதே. இந்த இரண்டாவது புத்தியைச் சொல்லும்போது உன்னைக் குறை சொல்கிறேன் என்று தோன்றினால் மன்னித்துவிடு. உன்னை அப்படி ஆக்கியவன் நான்தான்.

நான் இன்றைக்கும் காலையில் பால் காபிதான் குடிக்கிறேன். அதில் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீ சொல்வது முழுக்க எனக்கு விளங்கிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் சிவப்பி அந்த வைக்கோலை நக்கியது இப்போதெல்லாம் அடிக்கடி ஞாபகம் வருகிறது. தெரியாது என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். அதற்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தால் வா. வந்து என்னைத் திட்டு, அடித்தாலும் சரி. என் கையால் எதையும் குடிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்கவும் மாட்டேன். தேங்காய் வாங்கி வைத்திருக்கிறேன், உடைக்கவில்லை. பனங்கற்கண்டு, இலை, அந்த இரண்டு கண்ணாடி கிளாஸ் எல்லாம் அவள் வைத்த இடத்தில் இருக்கின்றன. தாள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. நான் கூடத்தைத் தாண்டி வர மாட்டேன். நீயே அடுப்படிக்குள் போய், அவள் எழுதியதைப் பார்த்து, உன் கையால் போட்டுக் குடி. இந்த வீட்டில் இன்னொரு முறை தண்ணி போதும் என்று மட்டும் சொல்லிவிடாதே அய்யா.

அப்பா